கட்டளை இல்லாத ஜெனரல்

நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமைச் செயலகத்தில் லெப்டினன்ட் ஜெனரல் அந்தஸ்தில் ஒருவர் இருப்பார். ராணுவ ஆலோசகர் என்பது அவருடைய பதவி. நீலத் தொப்பியோடு ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் நிற்கும் அமைதிப்படைகள் எல்லாம் அவர் சொல்கேட்டு நடப்பவை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரு பிளட்டூனை இந்த முகாமிலிருந்து அந்த முகாமுக்கு மாற்றச் சொல்லும் அதிகாரம்கூட அவருக்குக் கிடையாது. களத்தில் இருக்கும் படைத் தளபதி, பல இடங்களில், பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதிக்குக் கட்டுப்பட்டவர். அந்தப் பிரதிநிதி பெரும்பாலும் ராணுவத்தைச் சேராதவர். அவர் நியூயார்க்கில் அமைதிப்படைத் துறையின் தலைவருக்குப் பதில் சொல்கிறார், துறைத் தலைவர் பொதுச்செயலாளருக்குப் பதில் சொல்கிறார். மேலிருந்து கீழ்வரை இந்த வரிசையில் ராணுவ ஆலோசகரின் பெயர் எங்கும் வராது.

நேட்டோவிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ராணுவக் குழுவின் தலைவரை உறுப்பு நாடுகளின் தலைமைத் தளபதிகள் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் ஆலோசனை சொல்வார். படைகளுக்குக் கட்டளை மோன்ஸ் நகரத் தலைமையகத்தில் உள்ள உச்சத் தளபதியிடமிருந்து போகும். பல நாடுகள் சேர்ந்து படை வைத்துக்கொள்ளும் இடங்களில் சொல்பவரும் ஆணையிடுபவரும் வேறுவேறு ஆட்களாக இருப்பது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் கட்டளை கையில் இல்லாதபோது ஒரு ராணுவ அதிகாரிக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பதை அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த வருடங்களில்தான் நான் புரிந்துகொண்டேன்.

இந்திய ராணுவத்திலிருந்து அயல்பணியில் அங்கே போனேன். திட்டமிடும் பிரிவில் வேலை. பல நாட்டு அதிகாரிகள் ஒரே தளத்தில் இருந்தோம். பாகிஸ்தான் அதிகாரியும் நானும் ஒரே வரைபடத்தின் மேல் குனிந்து தெற்கு சூடானின் சாலைகளை எண்ணியிருக்கிறோம். எல்லையில் எதிரெதிரே நின்றிருக்கக்கூடிய இருவர் அங்கே ஒருவர் எழுதிய குறிப்பை மற்றவர் திருத்துவார். அந்தத் திருத்தங்களில் நாடு தலைகாட்டி நான் பார்த்ததில்லை. தொழில்தான் பேசியது. இதை இங்கே சொன்னால் பலர் நம்புவதில்லை. நடந்தது அதுதான்.

இந்தப் பதவிக்கும் நம் நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. ஐ.நா. சாசனத்தின் 47ஆவது பிரிவு, ஐந்து வல்லரசுகளின் தலைமைத் தளபதிகள் சேர்ந்த ஒரு ராணுவக் குழு பாதுகாப்பு கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்லும் என்கிறது. பனிப்போர் வந்ததும் அந்தக் குழு பெயரளவில் கூடிக் கலைவதோடு நின்றது. 1960ல் காங்கோ பற்றி எரிந்தபோது பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்டுக்கு ராணுவ விஷயத்தில் யோசனை கேட்க ஆள் தேவைப்பட்டது. காசாவில் ஐ.நா. படையில் பணியாற்றிய இந்திய அதிகாரி இந்தர்ஜித் ரிக்யேயை அழைத்துத் தன் ராணுவ ஆலோசகராக்கிக்கொண்டார். ஹாமர்ஷோல்டு 1961 செப்டம்பரில் விமான விபத்தில் இறந்த பிறகு அடுத்த பொதுச்செயலாளர் ஊ தாண்டுக்கும் ரிக்யேதான் ஆலோசகர்.

பின்னர் அவரே காசாவில் படைத் தளபதியானார். 1967 மே 16 இரவு, ஐ.நா. வீரர்கள் எல்லைச் சாவடிகளை விட்டு விலக வேண்டும் என்று எகிப்து ராணுவத் தலைமையின் கடிதம் அவர் கைக்கு வந்தது. பொதுச்செயலாளரின் உத்தரவு இல்லாமல் தன்னால் எதுவும் செய்ய முடியாது, செய்தியை நியூயார்க்குக்கு அனுப்புகிறேன் என்று பதில் சொன்னார். இரண்டு நாளில் ஊ தாண்ட் விலகச் சொன்னார். ஜூன் 5ஆம் தேதி போர் தொடங்கியது. கிளம்பிப்போக அவகாசம் கிடைக்காமல் அங்கே மாட்டிக்கொண்ட நம் வீரர்கள் பலர் அந்தப் போரில் உயிரிழந்தார்கள். ஆலோசகர் நாற்காலியிலும் தளபதி நாற்காலியிலும் உட்கார்ந்த மனிதர் ரிக்யே. அவரைப் பற்றி நம் ராணுவப் பள்ளிகளில் இன்னும் அதிகம் சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எங்கள் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நாட்டுக்கு அமைதிப்படை அனுப்பலாமா என்று கவுன்சில் யோசிக்க ஆரம்பித்தால் முதலில் ஓர் ஆய்வுக் குழு புறப்படும். அரசியல் பிரிவு, போலீஸ், மனித உரிமை, தளவாடம் என்று பலரோடு எங்கள் அலுவலகத்திலிருந்தும் ஒன்றிரண்டு பேர் போவார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் திட்டப் பிரிவின் மேசைக்கு ஒரே கேள்வி வரும்: எத்தனை பேர் வேண்டும்?

ஐ.நா. கணக்கில் ஒரு வழக்கமான காலாட்படை பட்டாலியன் 850 பேர். அதில் சமையல், டிரைவர், மெக்கானிக், சிக்னல், மருத்துவம், தண்ணீர் சுத்திகரிப்பு, ஜெனரேட்டர், எழுத்து வேலை என்று கழித்துக்கொண்டே வந்தால் துப்பாக்கிக் கம்பெனிகளில் மிஞ்சுவது ஐந்நூறு சொச்சம். அந்த ஐந்நூறில் முகாமைக் காக்க ஆள் வேண்டும். ஒரு காவல் கோபுரத்தில் இரவு பகலாக ஆள் நிற்க வேண்டுமானால் அந்த ஓர் இடத்துக்கு ஆறு பேரையாவது ஒதுக்கியாக வேண்டும். ஒரு முகாமுக்கு எத்தனை கோபுரம், எத்தனை வாசல் என்று பெருக்கிப் பாருங்கள். விடுப்பில் ஒரு பங்கு போயிருக்கும். மலேரியாவில் ஒரு பங்கு படுத்திருக்கும். அரிசி லாரிக்கும் டீசல் லாரிக்கும் துணையாக ஒரு பிளட்டூன் எப்போதும் சாலையில் இருக்கும். அவசரத்துக்கு ஓட ஒரு பிளட்டூன் முகாமிலேயே தயாராக இருக்க வேண்டும். இவ்வளவும் போக, ஒரு நேரத்தில் முகாம் வாசலைத் தாண்டி ஜனங்கள் இருக்கும் ஊர்களில் ரோந்து போகக்கூடியவர்கள் 850ல் 150 பேர் இருந்தால் அது நன்றாக நடத்தப்படும் பட்டாலியன். இது என் அனுபவக் கணக்கு. ஐம்பது அறுபது பேருக்கு மேல் வெளியே அனுப்ப முடியாத பட்டாலியன்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. சின்னச் சின்ன முகாம்களாகச் சிதறடிக்கப்பட்டவர்கள். முகாம் அதிகமாக அதிகமாக, அந்த முகாம்களைக் காக்கவே பட்டாலியன் தேய்ந்துபோகும்.

இப்போது நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கோ 23 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்தியாவின் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகம். அங்கே இருந்த ஐ.நா. வீரர்கள் 20,000 பேர்கூடக் கிடையாது. தெற்கு சூடானில் தார் போட்ட சாலை மிகக் குறைவு. நிலமோ கரிசல். மழை தொடங்கினால் கவச வண்டி அச்சுவரை இறங்கிவிடும். வருடத்தில் பாதிக்கு மேல் பல ஊர்களுக்கு ஹெலிகாப்டரைத் தவிர வேறு வழி இருக்காது. வரைபடத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு போட்டு நூறு கிலோமீட்டர் என்று எழுதுவது சுலபம். அது இரண்டு மணி நேரமா, இரண்டு நாளா, இரண்டு மாதமா என்பதைச் சொல்வதுதான் ராணுவ ஆலோசனை.

இப்படிக் கணக்குப் போட்டு ஓர் எண் வரும். அது அறைக்கு அறை பயணம் செய்யும். இவ்வளவு பேருக்குச் சாப்பாடும் எரிபொருளும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்று தளவாடப் பிரிவு சொல்லும். பொதுச்சபையின் ஐந்தாவது குழு பணத்துக்கு ஒப்புக்கொள்ளாது என்று பட்ஜெட் ஆட்கள் சொல்வார்கள். அரசியல் பிரிவிலிருந்து யாராவது, நம்மேல் உண்மையான அக்கறையோடு, "இந்த எண்ணோடு போனால் கவுன்சில் மொத்தத்தையும் நிராகரித்துவிடும், கொஞ்சம் குறைத்தால் ஏதோ ஒன்றாவது கிடைக்கும்" என்பார். எங்கள் தொழிலின் முழுச் சோதனையும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. சொல்பவர் கெட்டவர் இல்லை. அவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மை. வீட்டுக்காரரிடம் பணம் இல்லை என்பதற்காக மேஸ்திரி தூணில் கம்பியைக் குறைத்துப் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் சாவியைக் கொடுத்தால் எப்படியோ, அப்படித்தான் அந்த எண்ணைக் குறைப்பதும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1993ல் ருவாண்டாவுக்குப் போன ஆய்வுக் குழு 4,500 வீரர்கள் வேண்டும் என்று கணித்தது. குழுவுக்குத் தலைமை வகித்த கனடாவின் ரோமியோ டலேர்தான் பிறகு அங்கே படைத் தளபதியானார். 4,500க்குக் கவுன்சிலின் ஆதரவு கிடைக்காது என்று செயலகம் நினைத்தது. கவுன்சில் அந்த அக்டோபரில் அங்கீகரித்த எண் 2,548.

1994 ஜனவரி 11ஆம் தேதி ருவாண்டாவின் தலைநகர் கிகாலியிலிருந்து டலேர் ஒரு தந்தி அனுப்பினார். அது யார் பெயருக்கு வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ராணுவ ஆலோசகராக இருந்த மேஜர் ஜெனரல் மொரிஸ் பரீலின் பெயருக்கு வந்தது. ஆயுதக் கிடங்குகள் எங்கே இருக்கின்றன என்று காட்டத் தயாராக ஒருவர் வந்திருக்கிறார், கிகாலியில் உள்ள துட்சி இனத்தவரின் பெயர்களைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களைக் கொல்வதற்காகத்தான் என்று அவர் சந்தேகிக்கிறார், 36 மணி நேரத்தில் அந்தக் கிடங்குகளைக் கைப்பற்றப் போகிறேன் என்பது அதன் சாரம். துறையிலிருந்து போன பதில், அது ஆணைக்கு அப்பாற்பட்டது, செய்ய வேண்டாம் என்றது. ஏப்ரல் 7ஆம் தேதி பெல்ஜியத்தின் பத்து வீரர்கள் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 21ஆம் தேதி கவுன்சில் படையை 270ஆகக் குறைத்தது. ஏறக்குறைய நூறு நாளில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். நடுவில் மே மாதம் 5,500 பேருக்கு அனுமதி கொடுத்தார்கள். ஜூலை கடைசியில் அங்கே இருந்தவர்கள் 550 பேர்.

ருவாண்டாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தத் தந்தியோடு நின்றுவிடுகிறார்கள். அந்த மாதிரி மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் என் கருத்து வேறு. தந்தி வரும்போதே பாதிக் காரியம் கெட்டிருந்தது. 4,500 என்று ராணுவத்தார் கணித்தது 2,548ஆக மாறியதே, அங்கேதான் முதல் தவறு. கவுன்சில் 4,500ஐ மறுத்திருக்கலாம். மறுக்கட்டும். மறுத்தது யார், எந்தத் தேதியில், எந்தக் காரணம் சொல்லி என்பது பதிவாகியிருக்கும். அந்த மறுப்பைச் செயலகமே தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

1993ல் போஸ்னியாவில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். ஸ்ரெப்ரெனிட்சா உள்ளிட்ட ஊர்களைப் பாதுகாப்புப் பகுதிகள் என்று கவுன்சில் அறிவித்தது. அவற்றைப் பலத்தால் காக்க வேண்டுமானால் கூடுதலாக 34,000 வீரர்கள் தேவை என்று செயலகம் எழுத்தில் சொன்னது. கவுன்சில் தேர்ந்தெடுத்தது குறைந்தபட்சத் திட்டத்தை, 7,600 பேர். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா விழுந்தது. சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அங்கே எண்ணைச் சொன்ன பிறகும் யாரும் காப்பாற்றப்படவில்லை, அப்படியானால் சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். 1999ல் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வெளியிட்ட ஸ்ரெப்ரெனிட்சா அறிக்கையில் 34,000 என்ற எண்ணும் 7,600 என்ற எண்ணும் அடுத்தடுத்து நிற்கின்றன. உயிரிழந்தவர்களின் தாய்மார்கள் யாரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பது அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. ருவாண்டாவில் அந்தக் கேள்விக்கான முதல் விடை ஓர் அலுவலக அறைக்குள் கரைந்துபோனது. இங்வார் கார்ல்சன் தலைமையில் வந்த விசாரணைக் குழு ஐந்து வருடம் கழித்துத்தான் அதைத் தோண்டி எடுத்தது.

இந்த இரண்டு அறிக்கைகளுக்கும் பிறகு 2000ஆம் ஆண்டில் அமைதிப்படைகளை ஆராய லக்தார் பிராஹிமியின் குழு உட்கார்ந்தது. அப்போது களத்தில் 27,000 வீரர்கள். அவர்களுக்காகத் திட்டமிட்டு வழிகாட்ட நியூயார்க்கில் இருந்த ராணுவ அதிகாரிகள் வெறும் 32 பேர். கவுன்சில் கேட்க விரும்புவதைச் சொல்லாதீர்கள், அதற்குத் தெரிய வேண்டியதைச் சொல்லுங்கள் என்பது அந்தக் குழு செயலகத்துக்குச் சொன்ன புத்தி. நான் போனபோது அலுவலகம் பெரிதாகியிருந்தது. அந்தப் புத்தியை மட்டும் ஒவ்வொரு தீர்மானத்தின்போதும் புதிதாக நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

எனக்கு அதைக் கற்றுத்தந்தவர் ஆப்பிரிக்க நாடு ஒன்றைச் சேர்ந்த என் மேலதிகாரி. நான் எழுதிய முதல் மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனபோது, முதல் பக்கத்தில் இருந்த எண்ணைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "இதைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்காதே. ஆளைக் குறைத்தால் எந்த வேலையை விடுவது என்று அவர்களிடமே கேள். வேலைப் பட்டியலை நீட்டு, பேனாவையும் அவர்கள் கையில் கொடு" என்றார். அன்றிலிருந்து என் குறிப்புகளுக்கு ஒரு வடிவம் வந்தது. முதலில் தேவையான ஆள். அடுத்து, அதைவிடக் குறைவாக வந்தால் செய்ய முடியாத வேலைகள், ஊர்ப் பெயர்களோடு. பொதுவாக 'ஆபத்து அதிகரிக்கும்' என்று எழுதினால் யாரும் நின்று படிப்பதில்லை. இந்த நான்கு ஊர்களுக்கு மழைக்காலத்தில் யாரும் போக முடியாது, அங்கே இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று எழுதினால் படிக்கிறவர் கொஞ்சம் நிற்பார். கையெழுத்துப் போடும் முன் ஒரு தொலைபேசி அழைப்பாவது வரும். அந்த அழைப்பு வந்தால் பாதி வெற்றி.

2013 டிசம்பரில் தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் சண்டை வெடித்தது. ஜோங்லெய் மாநிலத்தின் அகோபோவில் ஒரு சிறிய ஐ.நா. முகாம் இருந்தது. உள்ளே நம் இந்தியப் படையினர் நாற்பது சொச்சம் பேர். உயிருக்குப் பயந்து ஓடிவந்த பொதுமக்கள் அவர்களிடம் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். டிசம்பர் 19ஆம் தேதி சுமார் 2,000 ஆயுதக்காரர்கள் முகாமைச் சூழ்ந்தார்கள். நியூயார்க்கில் விடியும்போது அங்கே பிற்பகல், அப்போது எட்டு மணி நேர வித்தியாசம். முதல் செய்தியில் நம்மவர் மூன்று பேர் இறந்ததாக வந்தது. பிறகு இரண்டு பேர் என்று உறுதியானது. தஞ்சம் புகுந்தவர்களில் பலரும் கொல்லப்பட்டார்கள்.

அதற்கு முன்பு அகோபோ என்றால் எங்கள் சுவர் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. கூட்டங்களில் அந்தப் புள்ளியைக் காட்டி "இங்கேயும் நாம் இருக்கிறோம்" என்று சொல்ல முடியும். சொல்பவருக்கு அது பெருமை, கேட்பவருக்கு ஆறுதல். நாற்பது பேர் ஓர் ஊரைக் கவனிக்க முடியும், காக்க முடியாது. உதவி வர ஹெலிகாப்டர் தேவை என்றால், ஹெலிகாப்டர் வராத நாளில் அந்த நாற்பது பேரின் கதி என்ன என்று எழுதிவைப்பது எங்கள் கடமை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் கலந்துகொண்ட ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் சிறு முகாம்களைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டேன்: இதை யார், எத்தனை மணி நேரத்தில் மீட்க முடியும்? பதில் இல்லாத புள்ளிகளை வரைபடத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். சில எடுக்கப்பட்டன. டிசம்பர் 24ஆம் தேதியே கவுன்சில் தெற்கு சூடானுக்கான படையின் உச்ச வரம்பை 7,000லிருந்து 12,500ஆக உயர்த்தியது. முகாம்களுக்குள் தஞ்சம் புகுந்தவர்களின் எண்ணிக்கை பிறகு இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

ஹெலிகாப்டர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. ஐ.நா.வில் ராணுவ ஹெலிகாப்டரைக்கூடப் படைத் தளபதி நினைத்தவுடன் பறக்கவிட முடியாது. பறக்கும் அட்டவணை, எரிபொருள், பாதுகாப்பு அனுமதி எல்லாம் சிவிலியன் நிர்வாகத்தின் கையில். அதற்கு மேல், படை அனுப்பும் நாடுகள் தங்கள் நிபந்தனைகளை வைத்திருக்கும். இரவில் பறக்க மாட்டோம், இந்த மாவட்டத்தைத் தாண்ட மாட்டோம், தலைநகரைக் கேட்காமல் தாக்குதலில் இறங்க மாட்டோம். இவற்றில் சில எழுதி வரும். பல எழுதாமல் வரும். எழுதாத நிபந்தனை தெரியவருவது சண்டை நடக்கும் இரவில்தான். படைத் தளபதி ஆணையிடுவார், பட்டாலியன் தளபதி தன் நாட்டுத் தலைநகருக்குப் போன் போடுவார். அடிபட்டவருக்குப் பத்து நிமிடத்தில் முதலுதவி, ஒரு மணி நேரத்தில் உயர் சிகிச்சை, இரண்டு மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை என்பது நாங்கள் எழுதிவைத்த இலக்கு. இரவில் பறக்காத ஹெலிகாப்டரை வைத்துக்கொண்டு அந்த இலக்கை எட்டவே முடியாது. படை அனுப்ப முன்வரும் நாட்டிடம் நிபந்தனைகளை எழுதித் தரச் சொல்லி, தராவிட்டால் அந்தப் படை வேண்டாம் என்று சொல்லும் துணிவு ராணுவ ஆலோசகருக்கு வேண்டும். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் இடத்தில் இதைச் சொல்வது கடினம். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

2016 ஜூலையில் ஜூபாவில் மறுபடி சண்டை மூண்டபோது ஐ.நா. வீரர்கள் முகாமைவிட்டு வெளியே வந்து மக்களைக் காக்கவில்லை என்று விசாரணை நடந்தது. நடத்தியவர் நெதர்லாந்தின் ஓய்வுபெற்ற ஜெனரல் பாட்ரிக் காமர்ட், முன்பு இதே ராணுவ ஆலோசகர் பதவியில் இருந்தவர். அறிக்கை வந்ததும் படைத் தளபதி நீக்கப்பட்டார். அவர் கென்யாக்காரர். கென்யா கோபத்தில் தன் வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. தலைமைச் சீர்கேடு இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தளபதியின் ஆணைக்குப் பட்டாலியன்கள் எந்த அளவுக்குக் கட்டுப்படும் என்பது நியூயார்க்கில் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தண்டனை களத்தோடு நின்றுவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

அமைதிப்படைக்குப் பணம் கொடுப்பவர்கள் வேறு, ஆள் கொடுப்பவர்கள் வேறு. பணத்தில் அமெரிக்காவும் சீனாவும் முன்னால். ஆள் கொடுப்பதில் இந்தியா, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான். ருவாண்டாவும் இந்த வரிசையில் முன்னணியில் இருக்கிறது. எட்டு லட்சம் பேரை இழந்த நாடு இன்று மற்ற நாட்டு மக்களைக் காக்க ஆயிரக்கணக்கில் வீரர்களை அனுப்புகிறது. ஒரு வீரருக்கு ஒரு மாதத்துக்கு ஐ.நா. அவருடைய அரசுக்குக் கொடுத்த தொகை 2018 கணக்கில் 1,428 டாலர், எல்லா நாட்டுக்கும் ஒரே விகிதம். தீர்மானங்களைப் பெரும்பாலும் எழுதுவதும் வீட்டோ வைத்திருப்பதும் ஐந்து நாடுகள். கவுன்சிலில் இடமில்லாத ஒரு நாட்டின் படையைப் பயன்படுத்த முடிவெடுக்கும்போது அந்த நாட்டை அழைத்து அந்த முடிவில் பங்குகொள்ள விட வேண்டும் என்று சாசனத்தின் 44ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா இதை விடாமல் எடுத்துச் சொல்லி வருகிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இதுவரை அனுப்பி, 160க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாடு இதைக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன கிராமங்கள் உண்டு. நான் ஓய்வுபெற்று வந்த பிறகு அப்படி ஓர் ஊரில், பழைய சுபேதார் ஒருவர் என்னைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டார்: "ஏன் தம்பி, இத்தனை நாட்டுக்குப் படை அனுப்பினீங்களே, முள்ளிவாய்க்காலுக்கு ஏன் ஒருத்தரும் வரலை?" தமிழ் பேசும் எந்த ஐ.நா. அதிகாரியும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது, தப்பவும் கூடாது. முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்தக் கடைசிப் போரின்போது இலங்கையில் ஐ.நா. அமைதிப்படை இல்லை. கவுன்சிலின் முறையான நிகழ்ச்சி நிரலில் அந்தப் போர் ஏறவே இல்லை. ஆகவே ராணுவ ஆலோசகரின் அலுவலகத்துக்கு அங்கே வேலையே தரப்படவில்லை. அவரிடம் இதைச் சொன்னேன். இதோடு நிறுத்தினால் அது அரை பதில். ஐ.நா.வே அமைத்த சார்லஸ் பெட்ரி குழு 2012 நவம்பரில் தன் அறிக்கையைக் கொடுத்தது. உள்ளே இருந்த ஐ.நா. ஊழியர்கள் உயிரிழப்புகளைக் கணக்கெடுத்துத் தொகுத்து வைத்திருந்தார்கள், அந்த எண்களை வெளிப்படையாகச் சொல்ல மேலே இருந்தவர்கள் தயங்கினார்கள், உறுப்பு நாடுகள் கேட்க விரும்பியதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்று அது எழுதியிருக்கிறது. ருவாண்டாவில் எத்தனை வீரர் தேவை என்ற எண் மறைந்தது. இலங்கையின் வன்னியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண் மறைந்தது. பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எழுதி வச்சிருந்தும் சொல்லலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்தப் பணிக்குப் போகவிருக்கும் நம் இளம் அதிகாரிகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். நியூயார்க்கில் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி பற்றியெல்லாம் கேட்கிறார்கள். சொல்கிறேன். அதோடு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெயரில் போகும் ஒவ்வொரு மதிப்பீட்டின் பிரதியும் கோப்பில் இருக்கட்டும். மேலே போகப் போக எண் மாறினால், மாற்றியவரின் கையெழுத்தும் தேதியும் அதில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். பதவி உயர்வு தாமதமாகலாம். ஆகட்டும். அந்த எண்ணை நம்பித்தான் உங்கள் பட்டாலியனைச் சேர்ந்த பையன் ஒருவன் ஏதோ ஒரு ஆற்றங்கரையில் காவல் நிற்கப் போகிறான்.

வாசகர்களிடமும் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. நீலத் தொப்பி அணிந்த நம் வீரர் ஒருவர் தொலைதூர நாட்டில் இறந்தார் என்று செய்தி வரும்போது அஞ்சலியோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் படைக்கு ராணுவத்தார் கேட்டது எத்தனை பேர், கவுன்சில் கொடுத்தது எத்தனை பேர் என்று கேளுங்கள். கவுன்சிலின் தீர்மானங்களும் பொதுச்செயலாளரின் அறிக்கைகளும் யாரும் படிக்கலாம் என்று ஐ.நா. இணையதளத்திலேயே இருக்கின்றன. நாடாளுமன்றத்தில் உங்கள் உறுப்பினர் அதை வைத்து ஒரு கேள்வி எழுப்ப முடியும். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.